‘தர்மா’ என்றொரு கணினி விளையாட்டும் எங்கள் ஊர்ப் பேருந்தும்

(ராஜபாளையத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இடஒதுக்கீட்டு வரலாறு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதை என்னைவிட ஒழுங்காகப் பேசக்கூடியவர்கள் இந்த அறையிலேயே நாலு பேர் இருக்கிறீர்கள். நான் கடைசியில் அங்கேதான் வந்து சேருவேன். ஆனால் கிளம்பும் இடம் வேறு. ஒரு கணினி விளையாட்டிலிருந்து கிளம்புகிறேன். சிரிக்காதீர்கள், நீங்கள் விளையாடுகிற விளையாட்டுதான்.

என் அக்கா மகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். பொறியியல் கடைசி ஆண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று நண்பர்கள், ஆளுக்கொரு ஊர், இணையத்தில் சேர்ந்து விளையாடுகிறார்கள். என் காதில் விழுந்தது இதுதான்: “பிராமின்ஸோட லாயல்டி குறைஞ்சுக்கிட்டே போகுதுடா. அந்தச் சலுகையைக் குடுத்துத் தொலை.” எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, இவன் மறுபடி, “குடுத்தா இன்ஃப்ளூயன்ஸ் ஏறிடும், தெரியும்டா. ஆனா மாசத்துக்கு ஒரு அட்மின் பாயிண்ட் வருதுல்ல?”

நான் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பது வயதில் பாதியை இதைப் பேசியே கழித்தவன் நான். பார்ப்பனர்களுக்குச் சலுகை கொடுத்தால் நிர்வாகப் புள்ளி வரும், கூடவே அவர்கள் செல்வாக்கும் ஏறும். இதை எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்றைக்கு மாலை முழுக்க அவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். “மாமா, உங்களுக்குப் போரடிக்கும்” என்றான். அடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ‘யூரோப்பா யூனிவர்சலிஸ்’ என்று ஒரு விளையாட்டு வரிசை. ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனத்தின் சரக்கு. அதன் நான்காவது பதிப்பு 2013இல் வந்தது. 1444 நவம்பரில் தொடங்கி 1821 வரை உலகத்தில் ஏதாவது ஒரு நாட்டை நீங்கள் எடுத்து ஆளலாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு இல்லை. பெரிய வரைபடம், அதன் மேல் நூறு எண்கள். வரி எவ்வளவு, படைக்கு ஆள் எவ்வளவு, நாட்டின் நிலைத்தன்மை மைனஸ் மூன்றா பிளஸ் மூன்றா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிர்வாகம், அரசதந்திரம், போர் என்று மூன்று வகைப் புள்ளிகள் மாதாமாதம் வரும். அதைச் செலவழித்துத்தான் எதையும் செய்ய முடியும். கொள்கை வகுக்கலாம். ஆட்சிமுறையைச் சீர்திருத்தலாம். அரசில் பங்குள்ள ஒவ்வொரு கூட்டத்தையும் ‘எஸ்டேட்’ என்கிறார்கள். எஸ்டேட் என்றதும் நான் தேயிலைத் தோட்டமாக்கும் என்று நினைத்தேன். அது பழைய ஐரோப்பாவில் மதகுருமார், பிரபுக்கள், நகரத்து வணிகர் என்று பிரித்துவைத்திருந்த அடுக்கு.

2018 செப்டம்பரில் இந்தியாவை மையமாக வைத்து இந்த விளையாட்டுக்கு ஒரு விரிவாக்கம் வெளியிட்டார்கள். ஆட்சிமுறைச் சீர்திருத்தங்களைப் படிப்படியாக எடுக்கிற ஏற்பாடு முழு உலகத்துக்கும் அதில்தான் வந்தது. கொள்கைகளையும் அப்போது மாற்றி அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘தர்மா’. வைத்தவர்களுக்கு அந்தச் சொல் நம் காதில் எப்படி விழும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும். எந்த தர்மம், யாருக்கான தர்மம் என்ற கேள்வியோடுதான் நம் ஊரில் அந்தச் சொல் வரும்.

அந்த விரிவாக்கத்தோடு இந்திய நாடுகளில் எந்தெந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டார்கள் தெரியுமா? பிராமணர், ராஜபுத்திரர், மராத்தியர், வைசியர், சமணர். அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் விசுவாசம் என்று ஓர் எண், செல்வாக்கு என்று ஓர் எண், கையில் எவ்வளவு நிலம் என்று ஒரு விழுக்காடு.

“உழுகிறவன் எங்கேடா?” என்று கேட்டேன்.

அவன் ஒரு மாகாணத்தைத் தொட்டு மூன்று எண்களைக் காட்டினான். வரி, உற்பத்தி, ஆள்பலம். “இதுக்குள்ள இருக்காங்க மாமா.”

“எண்ணாக மட்டும்தான் இருக்காங்களா?”

“இல்ல, கிளர்ச்சி வந்தா வருவாங்க.” அதையும் காட்டினான். கிளர்ச்சிக்காரர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உழவர்கள் உண்டு. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, போர்ப்புள்ளியைச் செலவழித்துக் கடுமையாக அடக்குவது. இன்னொன்று, கோரிக்கையை ஏற்பது. “எதை அழுத்துவீங்க?” என்றேன். “அடக்குறதுதான். கோரிக்கையை ஏத்தா வேற எங்கயாவது இடிக்கும்” என்றான். கெட்ட பிள்ளை இல்லை, தோழர்களே. போன ஆண்டு இதே ஊரில் அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சுவரொட்டி ஒட்டியவன். அரசனின் நாற்காலியில் உட்காரவைத்து அங்கிருந்து நாட்டைப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகும்.

விளையாட்டுக்குள் சமூகத்தை ஒளித்துவைப்பது ஸ்வீடன்காரன் கண்டுபிடித்ததும் அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் பரமபதம் விரிப்பார்கள். நானும் சின்ன வயதில் ஆடியிருக்கிறேன். ஏணியெல்லாம் புண்ணியம், பாம்பெல்லாம் பாவம், உச்சியில் வைகுண்டம். நீ எங்கே நிற்கிறாய் என்பதை உருட்டி விழுந்த எண் தீர்மானிக்கும், ஆனால் நீ செய்த வினைதான் தீர்மானித்தது என்று படம் சொல்லும். பிறப்பையும் வினையையும் ஒட்டவைக்க இதைவிட நல்ல பசை கிடையாது. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் ஏறி ஆட முடியாது, அது வேறு கதை. எங்கள் வீட்டு வாசலிலேயே அட்டை வாங்கி விரித்துக்கொண்டோம். பாம்பு எங்களையும் கொத்தியது.

சரி, விளையாட்டுக்கே வருகிறேன். அதைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. சில விஷயங்களை அது நம் பாடநூலைவிடச் சரியாகச் சொல்கிறது. கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்கினால் அந்தக் கூட்டத்தின் விசுவாசம் சட்டென்று விழும். செல்வாக்கு உச்சத்துக்குப் போன கூட்டம் உன்னையே கவிழ்க்கப் பார்க்கும். நிர்வாகத்தில் ஒருவனை வைத்துவிட்டால் அவன் தருகிற வசதிக்கு நீ பழகிவிடுவாய். இதெல்லாம் விளையாட்டு விதி. இதுதான் சென்னை மாகாண வரலாறும்கூட.

1912ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மாகாண மக்கள்தொகையில் பார்ப்பனர்கள் 3 விழுக்காட்டை ஒட்டித்தான். துணை ஆட்சியர்களில் 55 விழுக்காடு அவர்கள். மாவட்ட முன்சீப்புகளில் 72 விழுக்காட்டுக்கும் மேல். வெள்ளைக்காரன் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த ‘மாசத்துக்கு ஒரு அட்மின் பாயிண்ட்’ ருசி யாருக்கும் விடவில்லை. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணையைப் போட்டது. ஆணை இருந்தது, நடைமுறை இல்லை. 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஏழு ஆண்டு ஆனது. இந்த ஏழு ஆண்டும் திரையில் வராது. அங்கே சீர்திருத்தப் புள்ளி நிரம்பியதும் அழுத்தினால் போதும், நாடு மாறிவிடும்.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். பூ. ச. குமாரசாமி ராஜா என்ற பெயரை ராஜபாளையத்தில் தெரியாதவர் இல்லை. காந்தி கலை மன்றம் அவர் கொடுத்த வீடு. அவர் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்வார்கள். எந்த நேரத்தில் இருந்தார் என்று சொல்ல மாட்டார்கள். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை. அந்த மூன்று ஆண்டுக்குள் என்ன நடந்தது?

1950 சனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. 14 இடம் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. பார்ப்பனருக்கும் அதில் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மக்கள்தொகைக்கு நாலைந்து மடங்காகவே இருந்தது. அதற்கும் எதிராகத்தான் வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராஜன், பொறியியல் கல்லூரி இடத்துக்காகச் சீனிவாசன். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. வாதாட வந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். விதியை எழுதிய கையே விதியைக் காட்டி வாதாடியது.

1950 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. குமாரசாமி ராஜா அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1951 ஏப்ரல் 9இல் அங்கேயும் தோற்றது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் மன்னரும் இல்லை, அமைச்சரும் இல்லை. பெரியார் 1950 ஆகஸ்ட் 14ஐ வகுப்புரிமை நாளாக அறிவித்தார். கடையடைப்பு, ஊர்வலம், கூட்டம். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். திராவிடர் கழகமும் அப்போதுதான் பிரிந்து வந்திருந்த திமுகவும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன. அன்றைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கும் நிலையில்கூட இல்லாத கூலிக்காரர்கள் அந்தக் கூட்டங்களில் நின்றார்கள். விளையாட்டு மொழியில் சொன்னால் நாற்காலியே போடப்படாத கூட்டம். சென்னையில் நடப்பது டெல்லிக்குக் கேட்டது. அம்பேத்கர் சட்ட அமைச்சர். தீர்ப்பு துளியும் மனநிறைவு தரவில்லை என்று அவையிலேயே சொன்னார். 1951 சூன் 18இல் முதல் திருத்தம் சட்டமானது. 15ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்குத் தடையில்லை என்று. சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் அதற்கே திருத்தம்.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “அப்ப குமாரசாமி ராஜா நம்ம பக்கமா மாமா?” நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் காங்கிரசுக்காரர், காந்தியவாதி. அவர் அரசு அந்த ஆணைக்காக நீதிமன்றத்தில் நின்றது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓர் அரசு எந்தப் பக்கம் சாயும் என்பது நாற்காலியில் இருப்பவரின் நல்ல மனசை மட்டும் பொறுத்தது அல்ல. வெளியே எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. 1952 பொதுத்தேர்தலில் முதலமைச்சராக இருந்த அவரே தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்று டெல்லிக்குப் போனவர் காமராசர். 375 இடங்களில் 152 மட்டும் வைத்திருந்த காங்கிரசு, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கியது. அவர் அடுத்த ஆண்டே அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாம் பெயர் வைத்தோம், அந்தப் பெயரே அதைக் கொன்றது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். அறநிலையத்துறையைப் பரமேசுவரன் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்து அமைச்சரிடம் கொடுத்தார்.

இவ்வளவும் மேலே நடந்தது. சட்டம், நீதிமன்றம், அமைச்சரவை. கீழே நடந்ததற்கு வருகிறேன், எனக்குச் சொந்தமாகத் தெரிந்தது அதுதான்.

1997. உங்களில் பாதிப்பேர் பிறந்திருக்க மாட்டீர்கள். அப்போது தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துக்கெல்லாம் பெயர் உண்டு. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், நேசமணி, திருவள்ளுவர், ராணி மங்கம்மாள். மாவட்டங்களுக்கும் தலைவர்களின் பெயர் உண்டு. நம் மாவட்டமே காமராசர் மாவட்டம். அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு வைத்தது திமுக அரசு. வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம். மன்னர் பெயர் வைத்த பேருந்தில் ஏறி இறங்கிய மக்கள், அந்த மன்னருக்குக் கீழே இருந்த தளபதியின் பெயர் வைத்த பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். சுந்தரலிங்கம் தேவேந்திரகுலத்தவர்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு தினமும் பேருந்து. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சில வாரங்கள் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் எவ்வளவு நீளமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி உடைந்த பேருந்துகள். ஓடாத பேருந்துகள். சில நாள் நடந்தே போனோம், சாலை வழியாக இல்லை, கண்மாய்க் கரை வழியாக. எந்த ஊரைத் தாண்டும்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். என் அம்மா புத்தகப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வீட்டில் வைத்துவிட்டாள். அதில் தெருப் பெயர் இருந்தது.

தென்மாவட்டங்கள் முழுக்கக் கலவரம் பரவியது. உயிர்கள் போயின. சூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது. இனி எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. எல்லாப் பெயரையும் அழித்தார்கள். சேரனும் போனான், பாண்டியனும் போனான், காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. நடுநிலையான முடிவு என்று நிறையப் பேர் பாராட்டினார்கள். நானும் அப்போது, அப்பாடா பேருந்து ஓடும் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆயின. முப்பது நாற்பது பெயர்கள் இருந்தவரை சிக்கல் இல்லை. எங்கள் பெயர் ஒன்று சேர்ந்ததும் பெயர் வைப்பதே கூடாது என்றாகிவிட்டது. பந்தியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான் என்பதற்காக இலையையெல்லாம் எடுத்துவிட்டு, பாருங்கள் யாருக்கும் சோறு இல்லை, எல்லோரும் சமம் என்று சொன்ன மாதிரி.

இதை அவனிடம் சொல்லிவிட்டு, “உன் விளையாட்டில் ஒரு ஊருக்குப் பெயர் மாற்ற எத்தனை புள்ளி ஆகும்?” என்று கேட்டேன். “ஒரு க்ளிக் மாமா. புள்ளியெல்லாம் வேண்டாம். பேர் என்ன, சும்மாதானே” என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்கவில்லை.

நம் மாவட்டத்திலேயே இன்னொன்று. கொட்டக்கச்சியேந்தல். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மதுரை மாவட்டத்தில். நாலாவது பெயராக வருகிற இது விருதுநகர் மாவட்டத்தில். 73ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது, 1996இல் தேர்தல் அறிவித்தார்கள். இந்த நாலு ஊராட்சித் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆட்சிமுறைச் சீர்திருத்தம் அமலாகிவிட்டது, பொத்தானை அழுத்தியாகிவிட்டது. பத்து ஆண்டு அந்த ஊர்களில் தலைவர் உட்காரவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால் மிரட்டல். மிரட்டலுக்குப் பணிந்து ஒருவரை நிற்கவைத்தால், வென்ற மறுநாளே அவர் பதவி விலகிக் கடிதம் கொடுப்பார். மேலவளவில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அல்லவா அவர்கள்? அங்கே தேர்தலில் நின்று வென்றே காட்டிய முருகேசனை 1997 சூன் 30இல் பேருந்தை மறித்து வெட்டினார்கள். அவரோடு ஆறு பேரையும். அதே 1997, மறுபடியும் ஒரு பேருந்து. கொட்டக்கச்சியேந்தல் உள்ளிட்ட நாலு ஊரிலும் 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அரசு உறுதியாக நின்றது, அதிகாரிகள் ஊர் ஊராகப் பேசினார்கள், இயக்கங்கள் பத்து ஆண்டு விடாமல் கத்தின.

இங்கே விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு பாராட்டு சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ‘அட்டானமி’ என்று ஓர் அளவு உண்டு. தன்னாட்சி என்று சொல்லலாம், மையம் சொல்வதை அந்த ஊர் எவ்வளவு கேட்காமல் இருக்கிறது என்ற கணக்கு. நாடு முழுக்க அந்த அளவு கூடுதலாக இருந்தால் ஆட்சிமுறைச் சீர்திருத்தமும் மெதுவாகத்தான் நகரும். அப்படியென்றால் ஆணை போனாலும் ஊருக்குள் போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் அந்த அளவு எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? வரியும் ஆளும் மையத்துக்கு வந்து சேராததை வைத்து. அரசனுக்கு வர வேண்டியது வரவில்லை என்பதுதான் அதில் குறை. கொட்டக்கச்சியேந்தலிலிருந்து வரி வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பத்து ஆண்டும் அங்கே தன்னாட்சி பூச்சியம் என்றுதான் திரை காட்டியிருக்கும். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

கோயிலைப் பற்றி நீளமாகப் பேச நேரமில்லை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்று ஒரு பழைய தகராறு இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எந்தக் கோபுரமாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அதன் கீழே கருவறைக்குள் யார் போகலாம் என்பதுதான் கேள்வி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் சட்டம் கொண்டுவந்தார் கலைஞர். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆகமத்தை மீறக் கூடாது என்றும் சொன்னது, கதவைத் திறந்து பூட்டியது. 2006இல் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். 2015இல் மறுபடி தீர்ப்பு. பயிற்சி முடித்தவர்கள் வேறு வேலைக்குப் போய், வயதாகி, 2021 ஆகஸ்டில் இருபத்து நாலு பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. 1970இல் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2024 டிசம்பரில் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபத்துக்குள் போகாமல் வெளியே நின்றது பெரிய செய்தியானது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, வந்த செய்தி பொய் என்று அவரே எழுதிவிட்டார். அவர் சொன்னதை மறுக்க நான் யார்? அர்ச்சகர் முதலான சிலரைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை, மரபு அப்படி என்று நிர்வாகம் விளக்கம் தந்தது. எனக்கு அந்த ‘மரபு’தான் வேண்டும். அதைத்தான் ‘பிரிவிலேஜ்’ என்று திரையில் எழுதியிருக்கிறார்கள். அங்கேயாவது அதன் பக்கத்தில் ரத்து செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது.

ஆகவே பிள்ளைகள் இதை விளையாடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போன வாரம் ஒரு தோழர் இதைக் கேட்டுவிட்டு, “பார்ப்பனிய விளையாட்டு, தடை கேட்கலாம்” என்றார். கோபம் புரிகிறது. ஆனால் அதை அரை நாள் விளையாடிய ஒரு பையனுக்கு, சலுகை என்றால் என்ன, அதைத் திரும்ப வாங்குவது ஏன் கடினம் என்று புரிந்துவிடுகிறது. ஐந்து ஆண்டு குடிமையியல் படித்தவனுக்கு அது புரியவில்லை. நான் கேட்பது வேறு. கொள்கையைப் பற்றிப் பேசும்போது நாம் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறோம்? நம் இயக்கக் கூட்டங்களிலும் பார்க்கிறேன். முதலமைச்சர் இதைச் செய்திருக்கலாம், அந்தத் துறையை இவரிடம் கொடுத்திருக்கலாம், கூட்டணியில் இவ்வளவு இடம் வாங்கியிருக்கலாம் என்று நாமும் மேலே இருந்தே வரைபடம் பார்க்கிறோம். பாப்பாபட்டியில் மனுத்தாக்கல் செய்ய வீட்டை விட்டுக் கிளம்பியவர் எந்த வரைபடத்தையும் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை உயிரோடு போக வேண்டும், அது ஒன்றுதான் அவர் முன்னால் இருந்த கணக்கு.

கிளம்பும் முன் அவனிடம் ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். “அரசனாக இல்லாமல், அந்த உழவர்களாக விளையாட வழி இருக்கிறதா?” இல்லை என்று சொல்லிவிட்டான். மூன்று நாள் கழித்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். கண்டுபிடித்துவிட்டானாம். செருமனியின் வடக்கு ஓரத்தில் டித்மார்ஷன் என்று ஒரு சின்னப் பகுதி. உழவர் குடியரசு. அரசனும் இல்லை, பிரபுவும் இல்லை. உண்மையிலேயே இருந்த ஊர்தான். 1500இல் டென்மார்க் அரசனின் பெரும்படை வந்தபோது மதகைத் திறந்து வயலை வெள்ளக்காடாக்கி அந்தப் படையை மூழ்கடித்தவர்கள். 1559இல் கடைசியாகத் தோற்றார்கள். விளையாட்டில் அந்த ஆட்சிமுறைக்கே தனிப்பெயர் இருக்கிறது.

“விஜயநகரத்தை விட்டுட்டேன் மாமா. இப்ப இதுதான். சுத்தி எல்லாரும் அடிக்க வர்றான், ஆனா 1559ஐத் தாண்டிட்டேன்” என்றான்.

நன்று என்றேன். அந்தக் குடியரசில் சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு உழுதவனுக்குச் சபையில் பேச உரிமை இருந்ததா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. “தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டான்.